விளிம்பு வரை

கெல்திபெக் குதிரையில் உட்கார்ந்தபடியே கல்யாணத்துக்குக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

கேட்டது ஜூராவிடம். ஜூரா காராக்கோல் ஊருக்கு மேலே பனிச்சறுக்கு மலையில் ஸ்கீபோர்டு கற்றுக்கொடுப்பவள். ஸ்கீபோர்டு என்பது ஸ்கீக்கு வளராத தங்கை. ஒரு மீட்டர்கூட வராத இரண்டு அகலப் பலகைகள், காலுக்கு ஒன்று. ஊன்றிக்கொள்ளக் குச்சி கிடையாது. நாங்கள் குட்டைப் பலகை என்போம். மலையடிவாரத்தில் அவற்றை வாடகைக்கு விடும் குடிசையில் நான் குளிர்காலத்தில் வேலை பார்த்தேன். கோடையில் கல்லூரியில் படித்தேன். கல்லூரி குளிர்காலத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் இல்லை.

குதிரை என் குடிசை வாசலில் நின்றது. அதன் மூச்சு பட்டு ஜன்னல் மங்கிவிட்டதால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது.

"ஜூரா, நீ என்னக் கட்டிக்கிறியா?"

"யாரு கேக்குறது? நீங்களா, குதிரையா?"

"நாந்தான்."

"எனக்கு நேரா குதிரை மூஞ்சிதான் தெரியுது. வேணும்னா அதுக்குப் பதில் சொல்றேன்."

சேணம் இரண்டு தடவை கிறீச்சிட்டது. கெல்திபெக் யோசிக்கிறான் என்று புரிந்துகொண்டேன். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. குதிரைமேல் இருந்தபடி ஒரு கிடாயைப் பத்துப் பேரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிற கோக்-பொரு ஆட்டத்தில் எங்கள் வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதில் யோசிக்கிறவன் தோற்றுவிடுவான்.

"சரி, எறங்கவா?"

"எறங்கி என்ன பண்ணுவீங்க? பக்கத்து வீட்டுல உப்பு வாங்கக்கூட குதிரையில போற ஆளு நீங்க. சொந்தக் கால்ல நிக்கத் தெரியுமா?" ஜூரா மூக்கை உறிஞ்சினாள். குளிரா கோபமா தெரியவில்லை. "இந்தக் குட்டைப் பலகையில நின்னு, மேல லிஃப்ட்டுலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவைகூட உக்காராம வாங்க. அன்னைக்குப் பதில் சொல்றேன். பனி உருகறதுக்குள்ள வாங்க. அப்புறம் நான் பிஷ்கெக் பட்டணத்துக்குப் போயிடுவேன், அங்க எனக்கு வேலை சொல்லி வெச்சிருக்காங்க."

"அவ்வளவுதானா?" என்று கெல்திபெக் சிரித்தான். குதிரையும் கனைத்தது. இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சந்தர்ப்பம் அது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியானால் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணுக்குத் தோடு போடுவாள். கெல்திபெக்கின் அம்மா மறுநாளே தோடு வாங்கிவிட்டாள். வீட்டில் வைத்தால் தன் சின்ன மகள் எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்று பயந்து அதை மகனிடமே கொடுத்து வைத்தாள். அவன் ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் விழும்போதெல்லாம் டப்பா கிலுங்கும். பனிமூட்டத்தில் ஆள் தெரியாத நாட்களிலும் அவனுடைய முன்னேற்றத்தை நான் காதால் கவனிக்க முடிந்தது.

முதல் நாள் ஜூரா ஹெல்மெட் போடச் சொன்னாள். போட்டான். பிறகு அதன்மேல் தன் கல்பாக்கைக் கவிழ்த்தான். அந்த உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு கூடாரம் ஆட்களைக் கழற்றிவிட்டுத் தனியாக மலையிறங்குவது போல இருந்தது. சவுக்கைப் பல்லில் கடித்துக்கொண்டான். ஆட்டத்தில் இரண்டு கையும் கிடாய்க்கு வேண்டும், ஆகவே சவுக்குக்கு இடம் வாய்தான்.

"சவுக்கு எதுக்கு?" என்றாள் ஜூரா.

"ம்ங் ம்ங்ங்."

"என்னது?"

"சும்மா ஒரு தைரியத்துக்குன்னு சொல்றார்," என்று மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. சம்பளம் இல்லை.

குதிரையைச் சரிவில் இறக்கும்போது பின்னால் சாய வேண்டும். எங்கள் ஊரில் இதை நடக்கக் கற்பதற்கு முன்பே கற்றுவிடுவோம். கெல்திபெக் "ச்சூ!" என்று பலகையை விரட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்தான். குதிரையில் பின்னால் சாய்ந்தால் அங்கேயும் குதிரை இருக்கும். குட்டைப் பலகையில் பின்னால் சாய்ந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. டப்பா கிலுங்கியது.

அடுத்த முறை, பாய்ச்சலில் போகிறவன் மாதிரி முன்னால் கவிழ்ந்தான். நீளமான ஸ்கீயாக இருந்தால் முன்பக்கம் தாங்கும். இதற்கு முன்பக்கமும் ஒரு சாண்தான். நுனி பனியில் குத்தி நின்றது. முகம் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது.

"நடுவுல நில்லுங்க," என்றாள் ஜூரா. "பாதத்துக்கு நடுவுல. குதிங்காலும் வேணாம், விரலும் வேணாம். கணுக்காலும் முட்டியும் கொஞ்சம் மடங்கணும், இடுப்பு பூட்ஸுக்கு நேர் மேல இருக்கணும்."

கெல்திபெக் சவுக்கை வாயிலிருந்து எடுத்தான். "குதிரை மேல நான் அப்படித்தானே இருக்கேன்?"

"கீழ குதிரை இல்லையே."

"அதத்தான நானும் சொல்றேன்."

முட்டி இன்னொரு தொல்லை. சின்ன வயதிலிருந்து குதிரையின் விலாவைக் கவ்விப் பழகிய முட்டிகள் அவை. இப்போது நடுவில் கவ்வ எதுவும் இல்லாததால் ஒன்றையொன்று கவ்வின. பலகைகள் நடுவே சந்தித்து முட்டிக்கொண்டன.

"ரெண்டு காலுக்கும் நடுவுல இடம் விடுங்க. இடுப்பு அகலம்."

"இடம் விட்டா அது ஓடிடுமே?"

"எது ஓடிடும்?"

எனக்குத் தெரிந்து அவன் இதை அன்று இரவு வீட்டுக்குப் போய்க் குதிரையிடம் கேட்டிருப்பான்.

ஜனவரி போயிற்று. நேராக வந்தால் பாதி மலை வரை நிற்க ஆரம்பித்தான். ஆனால் நேராகவே வந்துகொண்டிருக்க முடியாது. கீழே ஊர் இருக்கிறது. திரும்ப வேண்டும் என்றால் தோளால் இழுத்தான். கடிவாளம் பிடிக்கிற மாதிரி வலது கையைப் பின்னால் வாங்கி, உடம்பை முறுக்கி, காற்றை இழுத்தான். குதிரையாக இருந்தால் திரும்பியிருக்கும். பலகைகள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு ஊசியிலை மரத்தடியில் நின்றன. பின்னால் அவன் வந்த தடம், ரொட்டியில் கோபமாக வெண்ணெய் தடவியது போல அகலமாகக் கிடந்தது.

ஜூரா அவனைக் கையைப் பிடித்து எழுப்பித் தன் தடத்தைக் காட்டினாள். கத்தியால் கீறிய மாதிரி இரண்டே கோடுகள், வளைந்து வளைந்து கீழே போயின.

"நான் எங்கயும் திருப்பல, பாருங்க. சாச்சேன், அவ்வளவுதான். ரெண்டு கணுக்காலையும் முட்டியையும் ஒரே பக்கமா சாச்சா பலகை விளிம்புல நிக்கும். விளிம்புல நின்னா அது தானா வளைஞ்சு போகும். பலகை நடுவுல இடுப்பு மாதிரி குறுகியிருக்குல்ல, அதுக்குத்தான் அப்படிச் செஞ்சிருக்கு."

"நான் சொல்லாமலேயா?"

"நீங்க சொல்லாமத்தான்."

"சொல்லாமத் திரும்புற குதிரைய எங்கப்பா சந்தையில வித்துடுவாரு, ஜூரா."

"தோள அடக்குங்க. நெஞ்சு எப்பவும் மலையடிவாரத்தப் பாக்கட்டும், வேலையெல்லாம் இடுப்புக்குக் கீழ. கை, கை! கைய முன்னால வைங்க. தட்டு ஏந்துற மாதிரி."

அவன் கையை முன்னால் வைத்தான். மூன்றாவது நொடி அவை கடிவாளத்தைத் தேடிப் பின்னால் போய்விட்டன. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பழக்கதோஷம்தான்.

மதியத்தில் எல்லோரும் அடிவாரத்தில் ஜூராவின் அம்மா புரூல் எஜேயின் டீக்கடையில் கூடுவோம். எஜே, அதாவது அக்கா, நல்லவர். ஆனால் பேசியே நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை. எங்களில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் டீ ஊற்றுவார்கள். பாதி ஊற்றினால், இரு, ஆறுவதற்குள் குடி, இன்னும் தருகிறேன் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால், இதைக் குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். யாரும் யாரையும் வாய்விட்டு விரட்டுவதில்லை. கெட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் போதும். கெல்திபெக்குக்கு எஜே கால் கிண்ணம்தான் ஊற்றுவார், அவன் மறுபடி மறுபடி நீட்டுவான், இருவருக்கும் பெருமையாக இருக்கும். என் கிண்ணத்தைத் தூக்குவதற்கு எனக்கு எப்போதும் இரண்டு கைகள் தேவைப்பட்டன.

"இவரு எப்ப எஜே, மாப்பிள்ளை ஆவாரு?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

"அவன் எப்ப உக்காராம வர்றானோ அப்ப," என்றார் எஜே. "நீ எப்ப பரிட்சை எழுதப் போற?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார். டீ கிண்ணத்தைத் தாண்டிச் சாஸரில் இறங்கியது.

மார்ச் வந்தது. அடிவாரத்தில் பனி அங்கங்கே கிழிந்து பழுப்பு மண் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு லிஃப்டை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ஜூரா தன் பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று எஜே யாரையும் பார்க்காமல் சொன்னார். கெல்திபெக் அதுவரை ஒருமுறைகூட முழு மலையையும் நின்றபடி இறங்கவில்லை. அன்று முதல் கால் கிண்ணம் டீக்குப் பிறகு அவன் கிண்ணத்தை மறுபடி நீட்டவில்லை.

ஞாயிறு காலை ஜூரா என் குடிசைக்கு வந்தாள். "அஸ்கத், அம்மாகிட்ட ஒரு பிளாஸ்க்கும் ஒரு கிண்ணமும் வாங்கிட்டு மேல வா. நல்ல கிண்ணம், அந்தப் பருத்திப்பூ போட்டது."

விருந்தாளிக்கு வைக்கிற கிண்ணம். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு, நானும் ஒரு ஜோடி குட்டைப் பலகை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

மேலே கெல்திபெக் ஹெல்மெட், கல்பாக், சவுக்கு சகிதம் நின்றுகொண்டிருந்தான். ஜூரா பிளாஸ்க்கை வாங்கினாள், கிண்ணத்தில் ஊற்றினாள். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. நான் இருமினேன். விளிம்பு வரை வந்து, விளிம்புக்கு மேலும் கொஞ்சம் முதுகு உயர்த்தி நின்றது பால் டீ.

"புடிங்க," என்று அதை அவன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்தாள். "கீழ போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எப்போதும் கீழே நின்றுதான் அவன் வருவதைப் பார்ப்பாள், ஆகவே உடனே பலகையைச் சாய்த்தாள். இரண்டு கோடுகளாக மலையில் இறங்கி ஒரு புள்ளியாகிவிட்டாள்.

கெல்திபெக் கிண்ணத்தைப் பார்த்தான். சவுக்கு அவன் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"டேய் அஸ்கத். இது என்ன?"

"டீ, பைக்கே," என்றேன். அண்ணன் என்பதற்கு எங்கள் சொல் அது.

"எவ்வளவு இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். இந்த ஊரில் விளிம்பு வரை ஊற்றப்பட்ட கிண்ணங்களைப் பற்றி என்னைவிட அனுபவமுள்ளவன் கிடையாது. பொய் சொல்லவும் வரவில்லை. "நிறைய இருக்கு, பைக்கே."

"'கீழ போங்க'ன்னு வேற சொன்னா, இல்ல?"

"சொன்னாங்க."

"நல்ல கிண்ணத்துலயே ஊத்தியிருக்கா பாரு," என்றான். "மரியாதையாத்தான் வெரட்டுறா."

"ஒரு வாய் குடிச்சிடுங்களேன். முக்கால் ஆயிடும். அப்புறம் அர்த்தமே மாறிடுமே."

"அது ஏமாத்துறது." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "குடிக்க மாட்டேன்டா. அவ எப்படிக் குடுத்தாளோ அப்படியே கொண்டுபோய் அவ கையில குடுத்துட்டு, ரொம்ப நன்றி, சந்தோஷமா பிஷ்கெக் போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போறேன். ஒரு சொட்டு சிந்தினாலும் நான் கோவிச்சுக்கிட்டுக் கொட்டினேன்னு நெனப்பா. சவுக்க நீ வெச்சுக்க."

அவன் கிளம்பினான். "ச்சூ" சொல்லவில்லை.

நான் பின்னாலேயே போனேன், ஆறுதல் சொல்லலாம் என்று. சொல்ல வாய்ப்பே வரவில்லை.

கிண்ணம் இரண்டு கையிலும் இருந்ததால் கைகள் நெஞ்சுக்கு முன்னால் இருந்தன. கடிவாளத்தைத் தேட அவற்றுக்கு ஓய்வில்லை. தோளை ஆட்டினால் டீ சிந்தும், ஆகவே தோள் ஆடவில்லை. பின்னால் சாய்ந்தால் டீ மடியில் வரும், முன்னால் கவிழ்ந்தால் பூட்ஸில் வரும். அவன் பாதத்தின் நடுவில் நின்றான். பனியின் மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் முட்டி மடங்கி அதை வாங்கிக்கொண்டது, கிண்ணத்துக்குச் சேதி போகவில்லை. முதல் வளைவில் வேறு வழியே இல்லாமல் கணுக்காலை மட்டும் சாய்த்தான். இரண்டு பலகையும் ஒன்றாக விளிம்பில் ஏறி நின்றன. சொல்லாமலே திரும்பின. மறுபக்கம் சாய்த்தான், மறுபக்கம் திரும்பின. எனக்கு முன்னால் பனியில் இரண்டே கோடுகள், கத்தியால் கீறியது போல. வெண்ணெய் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் அவனிடம் கத்திச் சொன்னேன். "பைக்கே, நீங்க சூப்பரா வர்றீங்க!"

"பேசாத, சிந்தும்," என்றான் திரும்பாமல். துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

பாதி மலை தாண்டியது. அவன் எப்போதும் விழுந்து உட்காரும் மரம் வந்தது, போயிற்று. அடிவாரம் தெரிந்தது. கடை வாசலில் ஜூராவும் எஜேயும் நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு வளைவு. அப்போது எஜேயின் நாய், யாரோ போட்ட எலும்பைக் கவ்விக்கொண்டு, உலகத்தில் வேறு யாருக்கும் வேலை இல்லை என்ற நிதானத்தில் குறுக்கே நடந்து வந்து பாதையின் நடுவில் நின்றது.

ஜூரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெல்திபெக் சாய்ந்தான். இடுப்பு பனியை நோக்கி இறங்கிக்கொண்டே போனது. பலகைகள் காலுக்குப் பக்கவாட்டில் போய்விட்டன. அவன் முட்டி பனியை உரசியதை நான் பார்த்தேன். நெஞ்சும் கிண்ணமும் மட்டும் அடிவாரத்தைப் பார்த்து நிமிர்ந்தே இருந்தன. நாயைச் சுற்றி ஒரு அரை வட்டம் கீறிக்கொண்டு போய், எழுந்து, கடை வாசலில் நின்றான். அந்த வளைவில் கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய அலை எழும்பி, காற்றில் வளைந்து, நாயின் முதுகில் விழுந்தது. அது எலும்பைப் போட்டுவிட்டுத் தன்னைத்தானே நக்க ஆரம்பித்தது.

கெல்திபெக் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஜூராவிடம் நீட்டினான். கல்பாக் கோணிக்கூடப் போகவில்லை.

"இந்தாங்க உங்க டீ," என்றான். அதுவரை அவன் அவளை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கொஞ்சம் சிந்திடுச்சு, மன்னிச்சிடுங்க. கோவத்துல இல்ல. நாயால. ரொம்ப நன்றி. சந்தோஷமா பிஷ்கெக் போயிட்டு வாங்க."

"என்ன உளர்றீங்க?"

"விளிம்பு வரைக்கும் ஊத்தி, கீழ போங்கன்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும்ங்க. நாங்களும் டீ குடிக்கிற வீட்டுலதான் வளந்தோம்."

ஜூரா புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன். எஜேக்குத்தான் முதலில் விளங்கியது.

"அடிப்பாவி! பொண்ணு கேட்டு வந்த ஆளுக்கு விளிம்பு வரைக்குமா ஊத்தின? அதுவும் என் நல்ல கிண்ணத்துல? ஊர்ல என்னப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அம்மா, சிந்தாம வரணும்னா நிறையத்தானே ஊத்தணும்? அரைக் கிண்ணத்த யாரு வேணா தூக்கிட்டு வரலாமே! அவரு கைய முன்னால நிறுத்த எனக்கு வேற வழி தெரியல!" ஜூரா கெல்திபெக் பக்கம் திரும்பினாள். "தட்டு ஏந்துற மாதிரின்னு குளிர்காலம் பூரா கத்தினேன்ல? அதுக்குத்தான்!"

கெல்திபெக் மெதுவாகத் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தான். உச்சியிலிருந்து அவன் கால்வரைக்கும் இரண்டு கோடுகள், இடையில் எங்கும் ஒரு உட்கார்ந்த குழிகூட இல்லை. அவன் அதை யாரோ வேறு ஒருவனுடைய தடம் என்பது போல ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது நானா?"

"நீதான்," என்றாள் ஜூரா.

அவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நாய்க்குப் போனது போக, மிச்சம் சரியாகப் பாதி இருந்தது. பருத்திப்பூ பாதியில் தெரிந்தது. எஜேயே ஊற்றியிருந்தாலும் அவ்வளவு பொருத்தமாக ஊற்றியிருக்க முடியாது. அவள் கிண்ணத்தை வலது கையில் எடுத்து, இடது கையை நெஞ்சில் வைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி அவனிடம் திருப்பி நீட்டினாள்.

"இப்ப சரியா இருக்குல்ல?" என்றாள். "உக்காரு."

கெல்திபெக் பலகையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தக் குளிர்காலத்தில் அவனாகவே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையில் டப்பா கிலுங்கியது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டாள் ஜூரா.

அவன் காது சிவக்கச் சவுக்கைத் தேடினான், வாயில் வைத்துக்கொள்ள. அது என்னிடம் இருந்தது. கொடுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டே அவர்களுக்கு எதிர் பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தேன். உடனே என் முன்னாலும் ஒரு கிண்ணம் வந்தது. எஜே கெட்டிலைச் சாய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பாதி வந்தது. நிறுத்தவில்லை.

நானும் கல்லூரியில் படித்தவன்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சிந்தாமல், பாதத்தின் நடுவில் நடந்து என் குடிசைக்குப் போனேன்.